உம்மாவுடன் துபாய் சென்று தொதல் கடை தொடங்குவது: யார் பெயரில், எந்த விசாவில்?

சேதுக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் கீழக்கரையைச் சேர்ந்தவன், வயது 31. ஆறு ஆண்டுகளாகத் துபாய் தேராவில் ஓர் உணவுப்பொருள் மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வாப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உம்மாவுக்கு 57 வயது. தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை.

உம்மா கிண்டும் தொதலுக்கு (அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம் சேர்த்துக் கிண்டும் இனிப்பு) எங்கள் தெருவில் மட்டுமல்லாமல் ஏர்வாடி, பெரியபட்டினம் வரை பெயர் உண்டு. பெருநாளும் கல்யாணமும் வந்துவிட்டால் வீட்டு முற்றத்தில் அடுப்பு அணைவதே இல்லை. விடுமுறை முடிந்து துபாய்க்குத் திரும்பும் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கிலோவாவது ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். அப்படி வந்த பெட்டியை அறையில் பிரித்தால் மலையாளிகளும் இலங்கைக்காரர்களும் வந்து விலைக்குக் கேட்கிறார்கள். இலங்கையில் இதே பண்டம் இதே பெயரிலும், மலேசியாவில் டோடோல் என்ற பெயரிலும் வழங்குவதால், வாங்குகிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே தொதல், வட்டலப்பம், ஓட்டுமாவு ஆகிய இனிப்புகளுக்கென்று தேராவில் சிறியதொரு கடையை உம்மாவுடன் சேர்ந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

என் சேமிப்பு சுமார் 1,10,000 திர்ஹம். உம்மா தம் நகைகளில் ஒரு பகுதியை விற்று 15 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார். போதாவிட்டால் வீட்டையும் அடகு வைக்கலாம் என்கிறார். என் திட்டம் இதுதான்: உம்மாவை முதலில் விசிட் விசாவில் அழைத்துவந்து, நான் தங்கியிருக்கும் குடியிருப்பின் சமையலறையிலேயே செய்து, ஆறு மாதம் வாட்ஸ்அப் வழியாக விற்றுப் பார்ப்பது, வியாபாரம் நிலைத்தால் என் பெயரில் உரிமம் எடுத்துவிட்டு, உம்மாவுக்குப் பெற்றோர் விசா வாங்குவது. இதில் சிக்கல் ஏதேனும் உண்டா? ஊரிலிருந்து பணத்தை எப்படிக் கொண்டுவருவது? தாயையோ தந்தையையோ அழைத்துச் சென்று தொழில் தொடங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பெரியபட்டினத்துக் காக்கா (அண்ணன்), தேரா

வ அலைக்கும் ஸலாம், தம்பி. நான் இங்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. 2009இல் என் வாப்பாவை அழைத்துவந்து கஃபெட்டேரியா தொடங்கியவன். உங்கள் எண்ணம் நல்லது. திட்டத்தின் முதல் பாதியை மட்டும் இன்றே கைவிட்டுவிடுங்கள்.

விசிட் விசாவில் வந்தவர் கடைக்கு இடம் பார்க்கலாம், வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய விசாரிக்கலாம், சொந்த வீட்டில் பிள்ளைக்குச் சமைத்துப் போடலாம். விற்பனைக்காகச் சமைத்தால் அது அனுமதியில்லாத வேலை. 2024இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அனுமதியின்றி ஒருவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கு 1 லட்சம் திர்ஹம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. "என் தாய்தானே" என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. அதோடு, இங்கே உணவு உரிமம் சமைக்கிறவரின் கைப்பக்குவத்துக்குத் தரப்படுவதன்று. சமைக்கும் இடத்தைப் பார்த்துத் தரப்படுவது. குடியிருப்பின் சமையலறையில் செய்த பண்டத்தை வாட்ஸ்அப்பில் விற்கிறவர்கள் பலர் இருக்கலாம். பிடிபடாதவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

உம்மா விசிட் விசாவில் வரட்டும்; ஆனால் வருவது ஊரையும் வெயிலையும் பார்க்க, இங்கே கிடைக்கும் தேங்காயில் பால் எப்படி இறங்குகிறது என்று பார்க்க, நமக்காக ஒரே ஒரு சட்டி கிண்டிப் பார்க்க. விசா முடியும் நாளுக்கு முன்பே திரும்பிவிடட்டும். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம் உண்டு.

இனி உரிமத்துக்கு வருகிறேன். நான் தொடங்கிய காலத்தில் 51 விழுக்காடு உள்ளூர் அரபியின் பெயரில் இருந்தாக வேண்டும். 2021 ஜூன் 1 முதல் பெரும்பாலான தொழில்களில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. முழு உரிமையும் உங்கள் குடும்பத்திடமே இருக்கலாம். ஆனால் உணவுத் தொழிலில் பணம் கரையும் இடம் உரிமக் கட்டணமன்று, கடை. தொதலுக்கு மணிக்கணக்கில் அடுப்பு எரிய வேண்டும். ஊரில் விறகடுப்பின் புகை முற்றத்தோடு போய்விடும். இங்கே அந்தச் சூட்டையும் ஆவியையும் வெளியேற்றப் புகைக்குழாய் கட்டடத்தின் உச்சிவரை போக வேண்டும், கழிவுநீரில் எண்ணெய் கலக்காமல் இருக்கத் தொட்டி வேண்டும், எரிவாயு இணைப்புக்குத் தீயணைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும், சமையலறையின் வரைபடத்தை நகராட்சி ஏற்க வேண்டும். தேராவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் புகைக்குழாய்க்கு வழியே கிடையாது. இது தெரியாமல் ஓராண்டு வாடகைக்குக் காசோலைகளைக் கொடுத்துவிட்டு, சமையலறைக்கு அனுமதி கிடைக்காமல் பூட்டிய கடைக்கு வாடகை கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். இதற்கு முன்னால் உணவகமாகவே இருந்த இடமாகப் பாருங்கள். அல்லது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு வரைபடத்தோடு நகராட்சியில் கேளுங்கள். காசோலை திரும்பினால் உரிமையாளர் அதை நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பயணத் தடை வரைக்கும் அது போகக்கூடும். முன்தேதியிட்ட காசோலையை ஊரில் கைமாற்று வாங்குவதுபோல் எளிதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.

யார் பெயரில் என்று கேட்டீர்கள். இருவர் பெயரிலும் எழுதுங்கள். என் கதையைச் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் என் பெயரில் வைத்திருந்தேன். வாப்பா பெற்றோர் விசாவில் இருந்தார். மூன்றாம் ஆண்டு எனக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் ஊரில் படுத்துவிட்டேன். கடையைக் கட்டிக் காத்தவர் வாப்பா. ஆனால் வங்கியில் அவர் கையெழுத்து செல்லாது, வாடகைக் காசோலையில் செல்லாது, பணியாளர் சம்பளத்துக்கும் செல்லாது. தாம் உருவாக்கிய கடையின் முன்னால் வாப்பா விருந்தாளியைப்போல் நின்றார். அதிகாரப் பத்திரம் அனுப்பலாம் என்றால், நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று முத்திரை மேல் முத்திரை வாங்கி அது வந்து சேர்வதற்குள் கடை பத்தொன்பது நாள் மூடிக் கிடந்தது. அதனால், இருவரும் பங்குதாரர்களாக ஒரு வரையறுத்த பொறுப்பு நிறுவனம் தொடங்குங்கள். உம்மாவுக்குப் பங்குதாரர் விசா எடுங்கள். வங்கியில் அவர் கையெழுத்தும் செல்லும்படி செய்யுங்கள். பெற்றோர் விசா ஓராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. ஆதரிக்கும் பிள்ளைக்கு வருமான நிபந்தனையும் உண்டு. வேலையை விட்டுவிட்டுப் புதுக்கடை தொடங்குகிறவரால் முதலாண்டில் அந்த வருமானத்தைக் காட்டுவது கடினம். வேலையில் இருந்துகொண்டே பங்குதாரர் ஆவதாக இருந்தால், முதலாளியிடம் மறுப்பின்மைக் கடிதம் (தமக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்க வேண்டியிருக்கும். அதை முன்னதாகவே பேசிவிடுங்கள்.

பங்கு எழுதும்போது இன்னொன்றையும் நினையுங்கள். உம்மாவின் பங்கு அவருக்குப் பின் வாரிசுச் சட்டப்படி உங்கள் தங்கைக்கும் சேரும். இதை இன்றே மூவரும் உட்கார்ந்து பேசுவது நல்லது.

நீங்கள் கணக்கர் என்பதால் வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹத்தைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குக் கட்டாயம் பதிய வேண்டும். நிறுவன வரி அதே தொகைக்கு மேற்பட்ட இலாபத்தின்மீது 9 விழுக்காடுதான். ஆனால் இலாபமே இல்லாவிட்டாலும் உரிய காலத்தில் பதிய வேண்டும். மறந்தால் 10,000 திர்ஹம் அபராதம். அந்த அபராதத்தை ஈடுகட்டும் தொதலுக்கு எத்தனை தேங்காய் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ராமநாதபுரம் ஓய்வுபெற்ற வங்கியாளர்

காக்கா அங்குள்ளதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் பணமும் உம்மாவின் பணமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். அங்கே ஈட்டிய 1,10,000 திர்ஹத்தை அங்கே முதலீடு செய்ய இங்குள்ள எந்த வங்கியையும் கேட்க வேண்டியதில்லை. உம்மா இந்தியாவில் வசிப்பவர். அவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் தொகையில் தடையில்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பங்கு வாங்குவது, 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி, வெளிநாட்டு நேரடி முதலீடு. அதற்கு வங்கியில் எஃப்.சி. படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் பெற்ற பிறகே பணம் போக வேண்டும். அவர் இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்வரை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் நிறுவனத்தின் செயல்பாட்டு அறிக்கையையும் தர வேண்டும். பலர் "மகனின் குடும்பச் செலவுக்கு" என்று எழுதிப் பணத்தை அனுப்பிவிட்டு, பிறகு அதைப் பங்காகக் காட்டி மாட்டிக்கொள்கிறார்கள். படிவத்தைக் கேட்டால் விழிக்கும் கிளைகளும் நம் மாவட்டத்தில் உண்டு. அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள பெரிய கிளைக்குச் செல்லுங்கள்.

ஒரு நிதியாண்டில் இப்படி அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 விழுக்காட்டை வங்கி வரியாக முன்கூட்டியே வசூலிக்கும். 15 லட்சத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் 1 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும், கடை தொடங்கும் நேரத்தில் அந்த 1 லட்சம் கையில் இருப்பதுதானே முக்கியம்? மார்ச் 31க்கு முன்பு 10 லட்சமும் ஏப்ரல் பிறந்ததும் மீதி 5 லட்சமுமாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

நகை விற்ற இலாபத்துக்கும் வரி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த நகைக்கு அது 12.5 விழுக்காடு. 2001 ஏப்ரல் 1க்கு முன்பு வந்த கல்யாண நகையென்றால், அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாகக் கொள்ளலாம். உண்டியலில் (வங்கி வழியாக இல்லாமல் தரகர் மூலம்) அனுப்பிவிடலாம் என்று யாராவது நாளைக்கே உங்களுக்கு யோசனை சொல்வார்கள். விகிதம் இரண்டு பைசா கூடக் கிடைக்கும். ஆனால் உம்மாவின் பங்குக்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது. விற்காத நகைகளை உம்மா உடன் எடுத்துச் செல்வதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லையேல் திரும்பி வரும்போது அவர் நகைக்கே அவர் தீர்வை கட்ட நேரும்.

உம்மா தொழிலுக்காக அங்கே குடியேறிவிட்டால் அவரும் வெளிநாடு வாழ் இந்தியர் ஆகிவிடுவார். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான) கணக்காக மாற்றக் கடிதம் கொடுக்க வேண்டும். அடகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை; வங்கிக்காரனாகச் சொன்னால் "கொடுப்போம்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

கீழக்கரை லாத்தா (அக்கா)

தம்பி, அடகைப் பற்றி நான் சொல்கிறேன். அந்த வீடு உம்மாவுக்கு எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? நம் ஊரில் வீடு பெண்ணுக்கு என்பது வழக்கம். உங்கள் ராத்திமா (உம்மாவின் உம்மா) உங்கள் உம்மாவுக்குக் கொடுத்திருப்பார்; அடுத்து அது உங்கள் தங்கைக்குப் போக வேண்டியது. உங்கள் உம்மா பிள்ளைப் பாசத்தில் சொல்லியிருக்கலாம். தங்கையின் வீட்டை வைத்து அண்ணன் கடை தொடங்கினான் என்ற பேச்சு, கடை நன்றாக நடந்தாலும் நிற்காது. நகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் மகளைப் பார்க்க நான்கு முறை ஷார்ஜா போய் வந்தவள். முதல் முறை விசாவே கிடைக்கவில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தது, ஒற்றைப் பெயர். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசிட் விசா தருவதில்லை என்றார்கள். பிறகு, இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் ஒற்றைப் பெயர்தான். உம்மாவின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் நமக்கு மதுரை அலுவலகம். பத்தாம் வகுப்பு முடிக்காததால் இ.சி.ஆர். (வேலைக்கு வெளிநாடு செல்லக் குடியேற்ற அனுமதி தேவை) என்று இருந்தாலும், 50 வயதைக் கடந்தவர் என்ற முறையில் அதையும் சேர்த்தே நீக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது மாத்திரை. உங்கள் உம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை; நம் தெருவில் அது இல்லாத வீட்டைத் தேட வேண்டும். பாதம் எரிகிறது என்று இரவில் போட்டுக்கொள்ளும் பிரிகாபலின் மாத்திரை இங்கே சாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டோடு அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிய பிறகுதான் கொண்டுபோக வேண்டும். கசகசா ஒரு சிட்டிகைகூடப் பெட்டியில் இருக்கக்கூடாது; அரைத்து வைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் அது குற்றம்தான். தங்கும் விசாவுக்கு இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கட்டாயம். ஆகவே இங்கேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். முன்பு எப்போதாவது காசநோய் வந்த தடம் இருந்தால் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடைசியாக ஒன்று. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் அந்தத் தங்கும் விசா செல்லாமல் போகும். கடையும் ஆகி, விசாவும் ஆன பிறகு உங்கள் தங்கைக்குக் கல்யாணம் பேசினால், பெண்ணைப் பெற்றவள் ஊரில் எத்தனை மாதம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதில் "உம்மா வர விரும்புகிறார்" என்ற வாக்கியத்தை இரண்டு முறை தேடினேன், காணவில்லை. அவரைக் கேட்டீர்களா? சட்டியை இறக்கத் தெருப் பெண்கள் நான்கு பேர் கூடும் முற்றத்தை விட்டுவிட்டு, பதினோராம் மாடியில் தனியாகத் துடுப்புப் பிடிப்பது வேறு வேலை.

சேதுக்கரையான்

மூவருக்கும் நன்றி. வாட்ஸ்அப் திட்டத்தையும் அடகையும் விட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், லாத்தா சொன்னதேதான், ஒற்றைப் பெயர், இ.சி.ஆர். வேறு. உம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. மாத்திரைச் சீட்டில் பிரிகாபலினும் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கிறேன்.

நேற்றிரவு உம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இதுவரை அவரை நான் கேட்கவில்லை என்பது உண்மை. முடிவெடுத்துவிட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். தங்கையின் கல்யாணம் முடியும்வரை ஊரை விட்டுக் குடிபெயர மாட்டேன் என்றார். அதற்குள் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டு, குளிர்காலத்தில் விசிட் விசாவில் ஒரு மாதம் வந்து தேங்காயைப் பார்க்கிறேன் என்றார். அதற்குள் நான் புகைக்குழாய் உள்ள கடையைத் தேடி வைக்க வேண்டுமாம்.

பங்கு இருவர் பெயரிலும் எழுதப்படும் என்று சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் கடையை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் என் கையெழுத்தும் செல்லும்தானே?" என்று கேட்டார். செல்லும் என்றேன். "சரி, எழுது" என்றார்.